பொலி சொல்லாத அம்பாரம்

புலவர் அமிர்தலிங்கத்தின் வாயில் நல்ல சொல்லுக்குப் பஞ்சம் என்று எவனாலும் சொல்லிவிட முடியாது. வாழ்க, வளர்க, வெல்க, ஓங்குக என்று மேடைக்கு மேடை வாரி இறைப்பார். கல்யாண வீட்டில் வாழ்த்துவார், கட்சிக் கூட்டத்தில் வாழ்த்துவார், புதிதாக ஒரு முடிவெட்டும் கடை திறந்தால் அங்கேயும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்று வாழ்த்துவார். பூதலூர்ப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். அது போக நாவற்கரையில் நாலு வேலி நிலத்துக்கு மிராசு. ஆட்சி மாறி இரண்டு வருஷத்துக்குள் அந்த வட்டாரத்தில் அவர் இல்லாத மேடை இல்லை என்றாகிவிட்டது. அப்பேர்ப்பட்ட வாய் வள்ளியம்மையின் களத்தில் ஒரே ஒரு சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று இறுக மூடிக்கொண்டது.

'பொலிக' என்ற சொல் அது.

மற்ற ஊர்களில் எப்படியோ, நாவற்கரையில் முறை இதுதான். அடித்துத் தூற்றிக் குவித்த நெல்லைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டுவிடுவார்கள். நிலத்துக்காரர் வந்து அந்த அம்பாரத்திலிருந்து ஒரு கை நெல்லை அள்ளிக் கிழக்கே பார்த்து நின்று, 'பொலிக' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அளவுகாரன் அதைத் தன் காதால் கேட்டு, 'பொலியோ பொலி' என்று பதில் குரல் கொடுத்த பிறகுதான் மரக்காலைத் தொடுவான். அப்புறம் நிலத்துக்காரருக்கு அவர் பங்கான வாரம், ஆளுக்குக் கூலி, மிச்சம் குத்தகைக்காரர் வீட்டுக்கு. பொலி சொல்லாத அம்பாரத்தில் மரக்கால் விழுந்தால் அளந்தவன் வீட்டில் சோறு தங்காது, அந்த வயலில் அடுத்த போகம் ஏறாது என்று ஊர் நம்பியது. மூடநம்பிக்கை என்று இதைப் புலவரே மேடையில் கிண்டல் செய்திருக்கிறார். இப்போது அதே மூடநம்பிக்கையைக் கம்பாக எடுத்து வள்ளியம்மையை அடிக்கக் கிளம்பியிருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. வள்ளியம்மையின் புருஷன் பக்கிரி புலவரிடம் ஆறு மா நிலம் குத்தகைக்குப் பார்த்தவன். மாசி மாதம் வைக்கோல் போரில் கைவிட்டபோது பாம்பு தீண்டிப் போய்ச் சேர்ந்தான். புருஷன் போனதும் இவள் மூக்கைச் சிந்திக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று புலவர் நினைத்தார். இவள் போகவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஏர் கேட்டு வாங்கி உழுது, நாற்று விட்டு, நட்டு, களை பறித்துக் குறுவையை விளைத்துக் களத்துக்கும் கொண்டு வந்துவிட்டாள். அதே சமயம் குத்தகைக்காரர் பேரைப் பதிந்துகொள்ளச் சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது, பேர் ஏறிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. அதை வரவேற்று முக்கால் மணி நேரம் பேசியவர் வேறு யார், நம் புலவர்தான். ஊருக்குத்தானே உபதேசம்.

வள்ளியம்மை கையால் ஊரறிய வாரம் அளந்து கொடுத்துவிட்டால் அவள்தான் குத்தகைக்காரி என்பதற்கு ஊரே சாட்சி. அளக்காமலே கிடந்தால்? ஐப்பசி பிறக்கப்போகிறது, மேற்கே வானம் கறுத்துக்கொண்டு நிற்கிறது. நெல்லும் புது ரகம். ஈரம் பட்டால் போதும், களத்திலேயே முளை விட்டுவிடும். முளைத்த நெல் மாட்டுக்குக்கூட ஆகாது. 'வாரம் அளக்கத் துப்பில்லாதவளுக்கு நிலம் எதற்கு' என்று ஒரு வார்த்தையில் துரத்திவிடலாம். அவள் குடிசை இருந்ததும் புலவர் மனையில்தான். நிலம் போனால் அவளும் இரண்டு பெண்களும் மறுநாள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

அன்று காலையில் வள்ளியம்மை ஒரு முறத்தில் அம்பாரத்து நெல்லை எடுத்துக்கொண்டு புலவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் புலவர் பெண்சாதி பிரகதாம்பாள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அங்கேயே நில்லு. கோலத்த மிதிச்சிடாத."

"மிதிக்கலைம்மா. ஐயாவப் பாக்கணும்."

புலவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். தாளை இறக்காமலே குரல் கொடுத்தார்.

"யாரு?"

"வள்ளியம்மைங்க. களத்துக்கு வர மாட்டேன்னு சொல்லி அனுப்புனீங்களாம். அதான் நெல்லயே எடுத்தாந்திருக்கேன். ஒரு கை அள்ளி ஒரு சொல்லு சொல்லிடுங்க. வானம் ரொம்ப மோசமா இருக்குதுங்க."

"யாரு வீட்டு நெல்லு?"

"நம்ம நெல்லுதாங்க."

"நம்மன்னா?" இப்போது தாள் இறங்கியது. "பக்கிரி போனான். அவனோட அந்தக் குத்தகையும் போச்சு. நீ பாட்டுக்கு எறங்கி நட்ட. அதுக்கு நான் வந்து பொலி சொல்லணுமா?"

"வெத நெல்லு உங்க குதிர்லேந்துதானங்க குடுத்தீங்க."

"தாலியறுத்தவ வந்து நிக்கிறாளேன்னு குடுத்தேன். அது தருமம். குத்தகை இல்ல."

வள்ளியம்மைக்கு உச்சந்தலை வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். முறத்தைச் சற்று உயர்த்தி நீட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. வகுப்பில் பாடம் எடுக்கிற குரல் அவருக்கு வந்துவிட்டது.

"பொலிகங்கிறது என்ன சொல்லுன்னு தெரியுமா உனக்கு? வியங்கோள் வினைமுற்று. வியம்னா ஏவல். அந்த ஏவலக் கொண்டதால அது வியங்கோள். வான்னு சொன்னா வெறும் ஏவல். வேலைக்காரனப் பாத்து யாரும் சொல்லலாம். வருகன்னு சொன்னா அது வியங்கோள். அது பெரிய எடத்துலேந்து கீழ எறங்கி வர்ற சொல்லு. ராஜா சொன்னான், முனிவன் சொன்னான். நீ முறத்தத் தூக்கிக்கிட்டு வந்து நின்னவொடன விழறதுக்கு அது என்ன புளியம்பழமா?"

"பெரிய எடம் சொல்லணும்னுதாங்க வாசல்ல வந்து நிக்கிறேன்."

"சொல்றேன். நெலத்த விட்டுட்டேன்னு நீ ஊர் முன்னால சொல்லு. அடுத்த நிமிஷம் களத்துல நிப்பேன். இந்தப் போகத்துப் பங்க அளந்து எடுத்துக்கிட்டு எங்க வேணா போய்க்க."

"அப்ப இந்த நெல்லு நனைஞ்சு நாசமாப் போனாலும் சரின்றீங்க."

"நாசமாப் போறதும் போகாததும் உன் கையில."

நாசமாகப் போகிறவர் யார் என்று வள்ளியம்மைக்குச் சொல்லத் தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. 'உன் குடி ஒழிக, உன் வாய் புழுத்துப் போக' என்று தொடங்கினால் அவள் நிறுத்துகிறவள் இல்லை, கடைத்தெருவே அவள் வாய்க்குப் பயப்படும். ஆனால் கையில் நெல் இருந்தது. நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு சாபம் விட்டால் அது நெல்லுக்குத்தான் போய்ச் சேரும். எச்சிலோடு சேர்த்துச் சாபத்தையும் விழுங்கினாள்.

"கேட்டுக்கிட்டல்ல, கெளம்பு" என்றாள் பிரகதாம்பாள்.

களத்தில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அளவுகாரர் தங்கையன் மரக்காலை மடியில் வைத்துக்கொண்டு அம்பாரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அறுவடை ஆட்கள் கூலிக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். செங்கொடிச் சங்கத்துச் சாமிதுரை நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"அவரு வராட்டி என்ன பெரியவரே. காலம் மாறிப்போச்சு. மிராசு ஒழிகன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். நாமளே அளந்து எடுத்துக்க வேண்டியதுதான்."

"களத்துல அந்தச் சொல்லச் சொன்ன, மரக்கால் நெல்லுல எறங்காது, உன் மண்டையில எறங்கும்" என்றார் தங்கையன்.

"நீங்க மிராசுக்கு ஆளா, உழைக்கிறவனுக்கு ஆளா?"

"நான் மரக்காலுக்கு ஆளு. போடா."

ஆட்களும் தங்கையன் பக்கம்தான் நின்றார்கள். கூலி வேண்டும்தான், அதற்காகப் பொலி சொல்லாத நெல்லை வீட்டுக்குள் கொண்டுபோக அவர்களில் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. சாமிதுரை தலையில் அடித்துக்கொண்டான். எதிரி வந்து கழுத்தை அறுக்கும்போதுகூட நல்ல நேரம் பார்க்கிற ஜனங்களை வைத்துக்கொண்டு எந்தப் புரட்சியைச் செய்வது என்பது அவன் கவலை.

வள்ளியம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். புலவரோட அப்பா பெரிய மிராசு தஞ்சாவூர் ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தப்ப, நெல்ல அங்க எடுத்துட்டுப் போய்ச் சொல்ல வெச்சீங்கல்ல?"

"போனேன். அவரு கையில நெல்லு இருந்துச்சு. அவரு வாய் சொல்லுச்சு. என் காது கேட்டுச்சு. அந்த எடத்துலயே பதில் சத்தம் போட்டேன். நர்சம்மா என்னைய வெளிய புடிச்சுத் தள்ளிடுச்சு." தங்கையன் சிரிக்காமல்தான் சொன்னார். "இப்ப அதுக்கென்ன?"

"இன்னிக்குச் சாயங்காலம் முக்கூட்டு ரோட்டு மேடையில புலவர் பேசுறாரு. அங்க வெச்சுக் கையில நெல்லக் குடுத்துட்டா?"

"உன் ஆசைக்குச் சொல்லிடுவாரு பாரு. சொன்னாத்தான் என்ன? நான் எப்படிக் கேக்கறது? கோடு போட்ட அம்பாரத்த விட்டு ஒரு அடி நகர மாட்டேன். நகந்தா அவரு ஆளு வந்து கோட்ட அழிச்சிட்டு, அளவுகாரன் திருடிட்டான்னு என் தலையில கட்டுவான்."

"நீங்க நகர வேணாம். இங்க ஒக்காந்த எடத்துலயே காதுல விழுந்தா?"

தங்கையன் முக்கூட்டுப் பக்கம் பார்த்தார். இடையில் ஒரு வாய்க்காலும் நாலைந்து வயலும் இருந்தன. அறுத்துப்போட்ட வயல், மறைக்க ஒன்றுமில்லை.

"விழுந்தா பதில் சொல்லுவேன். உனக்காக இல்ல, முறைக்காக. ஆனா கையில இந்த நெல்லு இருந்துச்சுன்னு ஒரு ஆம்பளை வந்து என்கிட்டச் சொல்லணும்."

"அதுக்கு நான் நிக்கிறேன்" என்றான் சாமிதுரை. புரட்சி இப்படி மைக்கு செட்டில் வந்து சேரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் வந்ததை விடுவானேன்.

மத்தியானமே வள்ளியம்மை முக்கூட்டுக்குப் போனாள். மூன்று ரோடு சேருகிற இடத்தில் மேற்கே முதுகைக் காட்டி மேடை போட்டிருந்தார்கள். பேசுகிறவர் தானாகவே கிழக்கே பார்த்துத்தான் நின்றாக வேண்டும். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது. மைக்கு செட்டு மூஸா ஏணியில் ஏறி நின்று புளியமரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும், யாரிடமும் நல்ல வார்த்தை பேசுகிற நாளில்லை அது.

"மூஸா பாய், அந்தக் குழாய்ல ஒண்ண எங்க களத்துப் பக்கம் திருப்பிக் கட்டுங்க."

"ஏன், உங்க நெல்லு பேச்சுக் கேக்கணும்னு அழுவுதாக்கும்? எல்லாக் குழாயும் கூட்டத்தப் பாத்துத்தான் இருக்கணும்னு புலவர் உத்தரவு. போங்கக்கா, வேல கெடக்கு."

"போன மாசம் மைக்கு கீச்சுன்னு கத்துனப்ப அவ்வளவு பேர் முன்னால உங்கள என்ன சொன்னாரு அந்தப் புலவர்?"

மூஸாவின் கை நின்றது. 'துருப்பிடித்த தகரத்தையும் இதோ இந்தத் தம்பியையும் பக்கத்தில் வைத்தால் எது தகரம் என்று தமிழன்னைக்கே தெரியாது' என்று புலவர் சொன்னதும், கூட்டம் கைகொட்டிச் சிரித்ததும், அந்தக் கூட்டத்தில் மூஸாவின் மாமனாரும் இருந்ததும் அவனுக்கு மறக்கிற விஷயமா?

"மைக்கு கத்தல. அந்த ஆளு மைக்க முழுங்கப் பாத்தாரு. அதான் அது பயந்து கத்துச்சு" என்றான். பிறகு ஒரு நிமிஷம் வள்ளியம்மையை மேலேயிருந்து பார்த்தான். கயிற்றை அவிழ்த்து, கோடிக் குழாயை அப்படியே களத்தைப் பார்க்கத் திருப்பி இறுக்கிக் கட்டினான்.

"யாராவது கேட்டா காத்துல திரும்பிடுச்சும்பேன். நீங்க இந்தப் பக்கம் வரவேயில்ல. போங்க."

பொழுது சாய்வதற்கு முன்னாலேயே கூட்டம் தொடங்கிவிட்டது. மழை வந்துவிடுமோ என்று எல்லாரும் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்கள். மேடையில் தஞ்சாவூரிலிருந்து வந்த கட்சிப் பெரியவர் ஒருவர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். புலவருக்கு அன்று கொடுத்திருந்த தலைப்பு 'வாழ்க என்னும் சொல்'. அல்வாவைத் தட்டில் வைத்துக் கொடுத்தது போல ஆகிவிட்டது அவருக்கு.

"தோழர்களே, வாழ்க என்கிறோம், ஒழிக என்கிறோம். இந்த நாட்டின் அரசியலே இந்த இரண்டு சொல்லில்தான் நடக்கிறது. இரண்டும் என்ன? வியங்கோள் வினைமுற்று." கைதட்டல் வந்தது. "வியம் என்றால் ஏவல். ஏவலைக் கொண்டது வியங்கோள். ஆனால் வெறும் ஏவலுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. வா என்றால் எதிரில் நிற்கிற ஒருவன்தான் வர வேண்டும். வருக என்றால்? அவன் வருக, அவள் வருக, அவர்கள் வருக, அது வருக, அவை வருக. பழைய இலக்கணக்காரர்கள் இந்தச் சொல் படர்க்கைக்கு மட்டும்தான் என்று வேலி போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்து, தன்மை முன்னிலை படர்க்கை மூன்றுக்கும் பொது என்றார்கள். வாழ்த்த வேண்டுமா, இதுதான். வைய வேண்டுமா, இதேதான். வேண்டிக் கேட்பதும் விதித்துச் சொல்வதும் இதே சொல்தான். ஆண் பெண் பார்க்காத, ஆண்டான் அடிமை பார்க்காத ஒரு சொல் உண்டென்றால், அது தமிழனின் வியங்கோள்."

விசில் பறந்தது. கூட்டத்தின் ஓரத்தில் முறத்தோடு நின்ற வள்ளியம்மைக்குக் காது இரண்டும் எரிந்தன. காலையில் ராஜா வாயிலிருந்தும் முனிவர் வாயிலிருந்தும் மட்டும் இறங்கிய சொல், சாயங்காலம் ஆவதற்குள் ஆண்டானுக்கும் அடிமைக்கும் பொதுவாகிவிட்டிருக்கிறது. வேலியைப் பிடுங்கி எறிந்தார்களாம். யாருடைய வேலியை? இந்த ஆளின் வாய் ஒன்று, வயிறு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பெற்றவளுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

ஆனாலும் அவள் ஒவ்வொரு சொல்லையும் உன்னிப்பாகக் கேட்டாள். தமிழ் வெல்க என்றார், தலைமை வாழ்க என்றார், கழனி செழிக்க என்றார். அவளுக்கு வேண்டிய சொல் மட்டும் வரவில்லை. முதல் தூறல் ஒன்று அவள் கையில் விழுந்தது. இதற்கு மேல் காத்திருந்தால் நெல்லும் இல்லை, நிலமும் இல்லை. முறத்தின் மேல் மூடியிருந்த வாழையிலையை எடுத்து எறிந்துவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள். சாமிதுரை முன்னால் போய் ஆட்களை விலக்கினான்.

புலவருக்கு மரியாதை செய்ய வருகிறாள் என்றுதான் மேடையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். "உழவர் குடியின் சார்பாகப் புலவருக்குப் புது நெல் வழங்க ஒரு தாய் வந்திருக்கிறார்" என்று ஒருவர் எழுந்து அறிவித்தும்விட்டார். கைதட்டலுக்கு நடுவில் வள்ளியம்மை படியேறி முறத்தை நீட்டினாள். புலவர் மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, உதடு மட்டும் அசைந்தது.

"இங்கயே வந்துட்டியா. என்ன கூத்து இது?"

"ஒரு கை அள்ளுங்க ஐயா. எல்லாச் சொல்லையும் சொன்னீங்க, களத்துச் சொல்ல மட்டும் விட்டுட்டீங்க."

கீழேயிருந்து, "அள்ளுங்க புலவரே" என்று குரல்கள் வந்தன. தஞ்சாவூர்ப் பெரியவரும் ஆவலாக எட்டிப் பார்த்தார். புலவரின் கண் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எதைத் தேடியது என்று வள்ளியம்மைக்குத் தெரியும். தங்கையனைத் தேடியது. அளவுகாரன் காதில் விழாத பொலிக்கு மரியாதை இல்லை என்பது அவருக்கும் தெரியும். தங்கையனோ கோடு போட்ட அம்பாரத்தை விட்டு நகராத ஆள். கூட்டத்தில் அவர் இல்லை என்று உறுதியானதும் புலவரின் தோள் தளர்ந்தது. காசில்லாமல் கிடைக்கிற கைதட்டலை எந்தப் பேச்சாளன் விட்டான்? மைக்கிலிருந்து கையை எடுத்தார். முறத்திலிருந்து நிறைய ஒரு கை அள்ளி எல்லாரும் பார்க்க உயரத் தூக்கினார்.

"இதோ, உழைப்பின் பயனை ஒரு தாய் என் கையில் கொடுத்திருக்கிறார். அவர் களம் நிறைக. பொலிக. பொலிக. பொலிக."

ஒரு தடவை போதும். மூன்று தடவை சொன்னார். எதையும் ஒரு தடவையோடு விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மூஸா தன் பெட்டிக்கு முன்னால் குனிந்து சத்தத்தைக் கூட்டியதை யாரும் கவனிக்கவில்லை. புலவர் நெல்லை முறத்தில் போட்டுவிட்டு மறுபடியும் மைக்கைப் பொத்தினார்.

"போதுமா? இத எடுத்துட்டுப் போயித் தங்கையன் காதுல ஊது" என்றார் அடிக்குரலில்.

வள்ளியம்மை களத்துப் பக்கம் திரும்பி நின்றாள். கைதட்டல் அடங்கியது. தவளைச் சத்தம் கேட்டது. கிழவனுக்குக் காது மந்தமோ, காற்று மாறி அடிக்கிறதோ, மழைக்குப் பயந்து எழுந்து போய்விட்டானோ என்று அவள் எக்கி எக்கிப் பார்த்தாள். அப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து, கரகரவென்று, நீட்டி முழக்கி வந்தது குரல்.

"பொலியோ பொலி."

பின்னாலேயே களத்தில் நின்ற ஆட்கள் அத்தனை பேரும் குரல் கொடுத்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் காலையில்தான் களத்திலிருந்து வந்தவர்கள். அந்தக் குரல் காதில் விழுந்தால் பதில் சொல்லாமல் இருக்க அவர்களுக்குத் தெரியாது. எழுந்து நின்று அவர்களும் 'பொலியோ பொலி' என்றார்கள். கட்சிக்காரன், சங்கத்துக்காரன், கடலை விற்கிறவன், எல்லாரும் சொன்னார்கள். மக்களுடைய எழுச்சி என்று நினைத்துத் தஞ்சாவூர்ப் பெரியவரும் கையைத் தூக்கிச் சொன்னார். சொல்லாத ஒரே ஆள் புலவர். அவர் புளியமரத்தையும் அதில் திரும்பியிருந்த குழாயையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அதற்கப்புறம் சிரிப்பு இல்லை.

சாமிதுரை முன்னால் ஓடிப்போய்ச் சாட்சி சொன்னான். வள்ளியம்மை போய்ச் சேருவதற்குள் தங்கையன் முதல் மரக்காலை அள்ளி, ஒன்று என்பதற்குப் பதிலாக 'லாபம்' என்று எண்ணத் தொடங்கியிருந்தார். அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனிமேல் நெல்தான் பேச்சு. கூலி போனது. அவள் பங்குக்குத் தார்ப்பாய் விழுந்தது. வாரம் மூட்டையாகி இரண்டு வண்டியில் ஏறியது. தூறல் வலுத்துக்கொண்டே வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டிகள் புலவர் வாசலில் நின்றன. அவர் அப்போதுதான் கூட்டத்திலிருந்து வந்து இறங்கியிருந்தார். மேல்துண்டைக்கூட எடுக்காமல் வாசல்படியில் நின்று மறித்தார்.

"எறக்கக் கூடாது. வண்டியத் திருப்பு. அது மேடைப் பேச்சு. களத்துல சொன்னது இல்ல."

"உங்க அப்பாரு ஆஸ்பத்திரிலேந்து சொன்னாருங்க" என்றாள் வள்ளியம்மை. "உங்க கையில நெல்லு இருந்துச்சு. கெழக்கப் பாத்துத்தான் நின்னீங்க. தங்கையன் மாமா பதில் குடுத்துட்டாரு. ஊரே குடுத்துச்சு."

"நான் உனக்குச் சொல்லல."

"எனக்கு எதுக்குங்க. நெல்லுக்குத்தான் சொன்னீங்க."

"கோர்ட்டுல பாத்துக்கறேன். உன்ன அந்த நெலத்துலேந்து எழுப்பலன்னா என் பேரு அமிர்தலிங்கம் இல்ல."

"போங்க. ஆறு மாவுக்கு வாரம் அளந்தது யாருன்னு அங்க கேப்பாங்க. இந்தத் தெருவே பாத்துக்கிட்டு நிக்குது."

தெரு நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் நின்றது. மழையில் நனைந்துகொண்டு, ஒருத்தரும் நகராமல். அப்போது பிரகதாம்பாள் உள்ளேயிருந்து வந்தாள். வள்ளியம்மையைக் கண்டால் அவளுக்கு இப்போதும் ஆகாதுதான், காலையில் இருந்த கடுப்பு முகத்தில் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அவள் வண்டியைப் பார்த்தாள், மூட்டை மேல் விழுகிற மழையைப் பார்த்தாள், ஏற்றிவைத்த விளக்கைப் பார்த்தாள்.

"வெளக்கு வெச்ச நேரத்துல வாசலுக்கு வந்த நெல்லத் திருப்பி அனுப்புறதா? இந்த வீட்டுல அது நடக்காது. தள்ளுங்க அந்தப் பக்கம்" என்றாள் புருஷனைப் பார்த்து. பிறகு வண்டிக்காரனிடம், "என்ன வேடிக்கை பாக்குற, உள்ள எறக்கு. குதிர் ரூம் தெறந்துதான் இருக்கு" என்றாள்.

மூட்டைகள் ஒவ்வொன்றாக அவர் பக்கத்தைக் கடந்து உள்ளே போயின. புலவர் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. கடைசி மூட்டையும் போனதும் அவர் வள்ளியம்மையைப் பார்த்துக் காறித் துப்பினார்.

"ஒழிஞ்சு போ."

வள்ளியம்மையின் கை இப்போது வெறுங்கை. நெல் ஒரு மணி கிடையாது. காலையில் விழுங்கிய அத்தனை சாபமும் அப்படியே தொண்டையில் இருந்தது, அவிழ்த்துவிட்டால் ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை, கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள். முந்தானையால் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டு அவரை நிதானமாக ஒரு பார்வை பார்த்தாள்.

"அடுத்த போகம் தாளடிக்கு நாத்து விட்டாச்சுங்க. தை அறுப்புக்கு முறத்த எடுத்துக்கிட்டு வரேன்" என்றாள். "போயிட்டு வரேங்க ஐயா. போயிட்டு வரேம்மா."

அவள் வண்டிக்குப் பின்னால் நனைந்துகொண்டே நடந்தாள்.